17 வர வேண்டும் என்றார்கள்

காலாண்டு முடிந்து எட்டாவது நாள். கணக்கை முடித்து, செயல்பாட்டு லாபம் விற்பனையில் 14.2 சதவீதம் என்று எழுதி மேலே அனுப்பியிருந்தேன். மாலையில் எங்கள் நிதித் தலைவர் என் மேசைக்கே வந்துவிட்டார். கோபம் இல்லை, சத்தம் இல்லை. "17 வரணும். இன்னும் கொஞ்சம் பாருங்க, எங்கேயாவது இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த 17 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முந்தைய காலாண்டு முடிவுகள் வெளியானபோது நிர்வாக இயக்குநர் முதலீட்டாளர்களிடம் "மார்ஜின் 17ஐ ஒட்டியே இருக்கும்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். மார்ஜின் என்பது விற்பனையில் லாபம் எத்தனை சதவீதம் என்பது. அதன் பிறகு மூலப்பொருள் விலை ஏறியது. ஒரு பெரிய வாடிக்கையாளர் ஆர்டரைக் குறைத்தார். எந்தத் தொழிலிலும் நடப்பதுதான். ஆனால் கொடுத்த வாக்கை மாற்றிக்கொள்ள யாருக்கும் மனமில்லை. அதனால் கணக்கு மாறியது. நான்கு நாள் கழித்து வெளியான அறிக்கையில் 17.0 என்று இருந்தது. அதற்காக ஒரு பில்லைக்கூட யாரும் போலியாக எழுதவில்லை. இல்லாத வாடிக்கையாளர் யாரையும் உருவாக்கவில்லை. நான்கே நான்கு மாற்றங்கள்தான். அதில் இரண்டை என் கையாலேயே பதிவு செய்தேன்.

அன்றிரவு ஒரு நோட்டில் இரண்டு பத்தி கோடு போட்டு எழுதினேன். ஒரு பக்கம் உள்ளே வந்த எண், மறுபக்கம் வெளியே போன எண். நடுவில் அந்த 2.8 புள்ளி எதனால் ஆனது என்ற விவரம்: கிடங்கு 1.3, மூலதனமாக்கியது 0.8, ஒதுக்கீடு 0.4, சப்ளையர் தள்ளுபடி 0.3. அடுத்த ஒன்பது காலாண்டுகள் அந்த நோட்டை எழுதினேன். இன்று பங்குகளில் சேமிப்பைப் போடுகிறவர்களும், கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் என்னிடம் மார்ஜினைப் பற்றிக் கேட்டால், புத்தகத்தில் படித்ததைவிட அந்த நோட்டில் இருந்துதான் அதிகம் சொல்கிறேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிடங்கு. அந்த 1.3 புள்ளியைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கே அதிக நாள் பிடித்தது. வெளியில் இருந்து பார்க்கிற பலரும் தவறவிடுவதும் இதைத்தான்.

ஒரு தொழிற்சாலையில் எவ்வளவு உற்பத்தி செய்தாலும் மாறாத செலவுகள் உண்டு. கட்டட வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், இயந்திரத் தேய்மானம் இதெல்லாம். ஒரு காலாண்டுக்கு இது 10,00,000 என்று வையுங்கள். ஒரு பொருளுக்கு மூலப்பொருளும் கூலியும் 100. விற்பது 250க்கு. அந்தக் காலாண்டில் 10,000 பொருள் செய்து 10,000 பொருளையும் விற்றால், ஒவ்வொரு பொருளும் நிலையான செலவில் 100ஐச் சுமக்கிறது. அடக்கம் 200, மொத்த லாபம் 50, மார்ஜின் 20 சதவீதம்.

இப்போது அதே 10,000 பொருளைத்தான் விற்கிறீர்கள், ஆனால் 12,500 செய்கிறீர்கள். 10,00,000 செலவு 12,500 பொருளுக்குப் பிரிந்து, ஒன்றுக்கு 80 ஆகிறது. அடக்கம் 180, லாபம் 70, மார்ஜின் 28 சதவீதம். விற்பனை ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. சொல்லப்போனால், தேவையில்லாத 2,500 பொருளைச் செய்யப் பணம் கூடுதலாகத்தான் செலவாகியிருக்கிறது. ஆனாலும் லாபம் 2,00,000 கூடியதாகக் கணக்கு காட்டும். அந்த 2,00,000 எங்கே இருக்கிறது? விற்காமல் கிடங்கில் கிடக்கும் 2,500 பொருளுக்குள், ஒன்றுக்கு 80 வீதம், "சொத்து" என்ற பெயரில் இருக்கிறது.

இதில் விதிமீறல் என்று சுட்டிக்காட்ட எளிதில் எதுவும் கிடைக்காது. சரக்கிருப்புக்கான பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 2, நிலையான உற்பத்திச் செலவை இயல்பான உற்பத்தித் திறனை வைத்துப் பங்கிடச் சொல்கிறது. உற்பத்தி படுத்துவிட்ட காலத்தில் மிஞ்சும் செலவைச் சரக்கின் மேல் ஏற்றக் கூடாது, அதே காலத்தில் செலவாகக் காட்ட வேண்டும் என்கிறது. ஆனால் "இயல்பான திறன்" எவ்வளவு என்று முடிவு செய்வது நிர்வாகம். கூடுதலாகச் செய்யாதே என்று எந்தத் தரநிலையும் தடுப்பதில்லை. சரக்கு விற்காது, அடக்கத்தைவிடக் குறைந்த விலைக்குத்தான் போகும் என்று தெரிந்தால் மதிப்பைக் குறைக்க வேண்டும் என்ற விதி உண்டு. சரி, விற்காது என்று யார் சொல்ல வேண்டும்? அதுவும் நிர்வாகம்தான்.

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது கணக்குப் புத்தகம் இல்லை, எங்கள் கிடங்கைப் பார்த்துக்கொண்ட அண்ணன். காலாண்டின் கடைசி இரண்டு வாரம் இரவு ஷிஃப்ட் ஓடும். ஒருநாள் என்னை அழைத்துப் போய், நடைபாதையில்கூடப் பெட்டிகள் அடுக்கியிருப்பதைக் காட்டினார். "ஆர்டரே இல்லையே, இதை எதுக்குத் தம்பி செய்யச் சொல்றாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. அடுத்த காலாண்டில் உற்பத்தியைக் குறைத்தால் முன்பு கணக்கில் பார்த்த 2,00,000 போன்ற தொகை திரும்பி வந்து லாபத்தைத் தின்னும். அதனால் குறைக்க முடியாது. அதற்கடுத்த காலாண்டில் இன்னும் அதிகம் செய்ய வேண்டும். ஒன்பது காலாண்டுகளில் வெளியே இரண்டு கிடங்குகளை வாடகைக்கு எடுத்தோம்.

அதனால் இப்போது ஓர் உற்பத்தி நிறுவனத்தின் மார்ஜின் உயர்ந்திருந்தால் நான் முதலில் தேடுவது சரக்கிருப்பை. விற்பனை 5 சதவீதம் வளர்ந்து, முடிவுற்ற பொருள்களின் இருப்பு 30 சதவீதம் வளர்ந்திருந்தால், அந்த மார்ஜினை நான் நம்புவதில்லை. மூலப்பொருள் இருப்பு கூடியிருந்தால் பரவாயில்லை, விலை ஏறும் என்று முன்கூட்டி வாங்கியிருக்கலாம். முடிவுற்ற பொருள் எவ்வளவு, செய்முறையில் இருப்பது எவ்வளவு என்ற பிரிவு ஆண்டறிக்கையின் விளக்கக் குறிப்புகளில் இருக்கும். அந்த ஒரு அட்டவணையைப் படிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது மூலதனமாக்குவது. நோட்டில் 0.8 புள்ளி. பழைய இயந்திரத்தைப் பழுது பார்த்தால் அது அந்த ஆண்டின் செலவு. அதே வேலைக்கு "திறன் மேம்பாடு" என்று பெயர் வைத்தால் அது சொத்து. செலவு என்றால் இன்றைக்கே முழுதும் லாபத்தில் கழியும். சொத்து என்றால் பத்து ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் தேய்மானமாகக் கழியும். மென்பொருள் நிறுவனங்களில் இதே வேலை சம்பளத்தில் நடக்கும். பிழை திருத்திய பொறியாளரின் நேரத்தைப் "புதிய தயாரிப்பு உருவாக்கம்" என்று எழுதினால் அவர் சம்பளம் சொத்தாகிவிடும். பன்னாட்டுத் தரநிலையில் ஆராய்ச்சிச் செலவை உடனே கழிக்க வேண்டும், உருவாக்கச் செலவைச் சில நிபந்தனைகள் நிறைவேறினால் சொத்தாக்க வேண்டும். ஆராய்ச்சி எங்கே முடிகிறது, உருவாக்கம் எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை வரைபவர் யார் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

உலகம் பார்த்த மிகப் பெரிய உதாரணம் வேர்ல்ட்காம். அமெரிக்காவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம். பிற நிறுவனங்களின் கம்பிகளைப் பயன்படுத்துவதற்காக அவர்களுக்குக் கொடுத்த கட்டணம்தான் அதன் முதன்மையான செலவு. விற்பனையில் அது 42 சதவீதத்தை ஒட்டியே இருப்பதாக நிறுவனம் காட்டி வந்தது. உண்மையில் பல காலாண்டுகளில் அது 50ஐத் தாண்டியிருந்தது. 2001லும் 2002இன் முதல் காலாண்டிலும் ஏறத்தாழ 380 கோடி டாலர் கட்டணத்தை அப்படியே சொத்துக் கணக்குக்கு மாற்றியிருந்தார்கள். அதைத் தோண்டி எடுத்தது சிந்தியா கூப்பர் தலைமையிலான உள் தணிக்கைக் குழு. 2002 ஜூனில் விஷயம் வெளியே வந்தது. முடிவில் மொத்தத் தொகை ஏறத்தாழ 1,100 கோடி டாலர் என்று ஆனது. தலைமை நிர்வாகி பெர்னார்ட் எப்பர்ஸுக்கு 25 ஆண்டுச் சிறை. சொன்னபடி பதிவு போட்ட இடைநிலைக் கணக்காளர் ஒருவருக்கும் 5 மாதச் சிறை. அந்தக் கடைசி வரியை முதன்முதலில் படித்தபோது நான் இருந்த நாற்காலியும் அதுதானே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மூலதனமாக்குவதில் இன்னொரு ஆபத்து, பலர் சொல்லித்தரும் பாதுகாப்பு இங்கே வேலை செய்யாது. "லாபத்தை நம்பாதே, செயல்பாட்டுப் பணவரத்தைப் பார்" என்பார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் செலவைச் சொத்தாக மாற்றியவுடன், அந்தப் பணம் பணவரத்து அறிக்கையின் செயல்பாட்டுப் பிரிவில் இருந்து முதலீட்டுப் பிரிவுக்குப் போய்விடுகிறது. செயல்பாட்டுப் பணவரத்தும் அழகாகவே தெரியும். அதனால் செயல்பாட்டுப் பணவரத்தில் இருந்து மூலதனச் செலவைக் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்தாறு ஆண்டு லாபத்தைக் கூட்டுங்கள், அதே ஆண்டுகளில் மிஞ்சிய பணத்தையும் கூட்டுங்கள். வேகமாக விரிவடையும் நிறுவனத்தில் இடைவெளி இருப்பது இயல்பு. விரிவடையவே இல்லாத நிறுவனத்தில் மூலதனச் செலவு ஆண்டுதோறும் தேய்மானத்தைவிட மிக அதிகமாக இருந்தால், அந்தச் சொத்தெல்லாம் என்ன என்று கேட்க வேண்டும்.

வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் என்று ஒன்றைக் காட்டுவார்களே, எபிட்டா, அதில் இந்த விளையாட்டு இன்னும் மோசம். சொத்தாக்கிய செலவு பிற்காலத்தில் தேய்மானமாகத்தான் திரும்பி வரும். எபிட்டா தேய்மானத்தைப் பார்ப்பதே இல்லை. ஆக, ஒருமுறை மாற்றிவிட்டால் அந்தச் செலவு எபிட்டா மார்ஜினை ஒருபோதும் தொடாது. தந்திரமே இல்லாமல்கூட இது நடக்கும்: 2019இல் குத்தகைக்கான புதிய பன்னாட்டுத் தரநிலை அமலுக்கு வந்தபோது வாடகையின் பெரும்பகுதி தேய்மானமாகவும் வட்டியாகவும் மாறியது. வாடகைக் கட்டடங்களில் தொழில் செய்த நிறுவனங்களின் எபிட்டா மார்ஜின் ஒரே ஆண்டில் உயர்ந்தது. தொழிலில் எதுவும் மாறவில்லை. 2018ஐயும் 2019ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்து "அருமையான முன்னேற்றம்" என்று எழுதியவர்களை நான் அறிவேன்.

தேய்மானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து ஆண்டு ஓடும் இயந்திரம் பதினைந்து ஆண்டு ஓடும் என்று மாற்றி எழுதினால் ஆண்டுச் செலவு மூன்றில் ஒரு பங்கு குறையும். அமெரிக்காவின் வேஸ்ட் மேனேஜ்மென்ட் நிறுவனம் குப்பை லாரிகளின் ஆயுளைக் கூட்டியும், அவற்றுக்கு மிகையான மீத மதிப்பு (ஆயுள் முடிந்தபின் விற்றால் கிடைக்கும் தொகை) வைத்தும் லாபத்தைக் காட்டியது. 1998இல் ஏறத்தாழ 170 கோடி டாலரைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. கணக்குக் கொள்கைகள் பகுதியில் சொத்துகளின் ஆயுட்காலம் போட்டிருக்கும். போன ஆண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் மாற்றம் தெரிந்துவிடும்.

நோட்டில் இருந்த மற்ற இரண்டும் சின்னவை, 0.4ம் 0.3ம். ஆனால் கை அரிப்பு முதலில் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் அனுபவம். வாரன்டிக்காக எவ்வளவு ஒதுக்குவது, வராத கடனுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதெல்லாம் மதிப்பீடு. விற்பனையில் 2 சதவீதம் ஒதுக்கியதை 1.6 என்று மாற்றி "பழுதுகள் குறைந்திருக்கின்றன" என்று ஒரு வரி எழுதினேன். அந்த 0.4ஐப் போட்டது நான்தான். பழுதுகள் குறைந்ததா என்று தரப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஒதுக்கீட்டில் எதிர்த்திசையிலும் செய்வார்கள். நல்ல ஆண்டில், அல்லது எப்படியும் மோசம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட ஆண்டில், அளவுக்கு மேல் ஒதுக்கிப் பதுக்கி வைப்பார்கள். தேவைப்படும் காலாண்டில் "இவ்வளவு தேவைப்படவில்லை" என்று கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பார்கள். அமெரிக்காவின் வீட்டு உபகரண நிறுவனமான சன்பீமில் 1996இல் மறுசீரமைப்பு என்ற பெயரில் பெரிய செலவை ஒரேயடியாக எழுதி, 1997இல் அதில் இருந்து எடுத்து லாபம் காட்டினார்கள். மார்ஜின் ஒவ்வொரு காலாண்டும் கோடு போட்டதுபோல் ஒரே அளவில் இருந்தால் நான் மகிழ்வதில்லை. மூலப்பொருள் விலை ஆடுகிற தொழிலில் மார்ஜின் மட்டும் ஆடாமல் இருந்தால், யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சப்ளையர் தள்ளுபடி என்பது இவ்வளவு வாங்கினால் இவ்வளவு திருப்பித் தருகிறேன் என்று விற்பவர் தரும் தொகை. ஆண்டு முடிவில் இலக்கை எட்டினால்தான் கிடைக்கும். எட்டிவிடுவோம் என்று எடுத்துக்கொண்டு முதல் காலாண்டிலேயே வரவு வைத்தால் அடக்கவிலை குறையும். என் இரண்டாவது பதிவு இது. பிரிட்டனின் பேரங்காடி நிறுவனமான டெஸ்கோ 2014 செப்டம்பரில், தான் முன்பு சொன்ன அரையாண்டு லாப மதிப்பீடு ஏறத்தாழ 25 கோடி பவுண்டு மிகை என்று ஒப்புக்கொண்டது. சப்ளையர்களிடம் இருந்து வரவேண்டியதை முன்கூட்டியே எடுத்ததும், செலவுகளைத் தள்ளிப்போட்டதும்தான் காரணம். ஜப்பானின் தோஷிபாவில் 2015இல் சுயேச்சைக் குழு கண்டறிந்த மிகைலாபம் 15,180 கோடி யென், ஏழு ஆண்டுகளில் சேர்ந்தது. மேலிடம் ஒவ்வொரு பிரிவுக்கும் எட்ட முடியாத இலக்குகளைக் கொடுத்து அதற்குச் "சவால்" என்று பெயர் வைத்திருந்தது. எங்கள் நிதித் தலைவரின் "எங்கேயாவது இருக்கும்" எனக்கு அதைப் படித்தபோது நினைவுக்கு வந்தது.

இனி, செலவைக் குறைக்காமலே மார்ஜினை உயர்த்தும் வழி ஒன்று: அதை வேறு வரிக்கு மாற்றுவது. கிடங்குச் செலவை உற்பத்தியில் இருந்து எடுத்து நிர்வாகச் செலவில் வைத்தால் மொத்த லாப மார்ஜின் உயரும், நிகர லாபம் அப்படியே இருக்கும். ஒரு பிரிவின் செலவைத் "தலைமை அலுவலகம், பங்கிடாதது" என்ற தலைப்பில் போட்டால் அந்தப் பிரிவு பளிச்சென்று தெரியும். இன்னும் ஒரு படி மேலே போய், முதலாளி குடும்பத்தின் தனி நிறுவனம் ஒன்று சில செலவுகளைச் சுமந்துகொள்ளும். பட்டியலிட்ட நிறுவனத்தின் மார்ஜின் உயரும், பங்கு விலை ஏறும், அதற்கான ஈடு வேறு வழியில் பிறகு அந்தக் குடும்பத்துக்குப் போகும். தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள் என்ற குறிப்பை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் என் மனதை அதிகம் உறுத்தியது "அசாதாரண இனம்" என்ற வரிதான். நான் வெளியேறிய மறு ஆண்டு அந்த நிறுவனத்தில் நிர்வாக இயக்குநர் மாறினார். புதியவர் வந்த முதல் காலாண்டிலேயே கிடங்குச் சரக்கின் மதிப்பைப் பெருமளவு குறைத்தார், பயனில்லாத "மேம்பாட்டு" சொத்துகளையும் எழுதித் தள்ளினார், அதாவது மதிப்பில்லை என்று கணக்கில் இருந்து நீக்கினார். வெளியான ஆண்டறிக்கையை வாங்கி, என் நோட்டில் ஒன்பது காலாண்டுத் தொகைகளைக் கூட்டி ஒப்பிட்டேன். ஏறத்தாழப் பொருந்தியது. அந்தத் தொகை முழுவதும் "அசாதாரண, ஒருமுறைச் செலவு" என்ற தலைப்பில் செயல்பாட்டு லாபத்துக்குக் கீழே இருந்தது. மேலே, அசாதாரண இனங்களைத் தவிர்த்து மார்ஜின் 16.8 என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். யோசித்துப் பாருங்கள். அந்தச் செலவுகள் நடந்த காலாண்டுகளில் சொத்தாக ஒளிந்திருந்தன. எழுதித் தள்ளியபோது அசாதாரணம் ஆகிவிட்டன. அந்தப் பணம் உண்மையாகவே செலவானது, ஆனால் முதலீட்டாளர் பார்த்த எந்த மார்ஜினிலும் அது ஒருநாளும் கழியவில்லை. அந்த மார்ஜினை நம்பி ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் நான் ஒரு நிறுவனத்தைப் பார்க்கத் தொடங்கினால் கடைசி ஏழெட்டு ஆண்டுகளின் "ஒருமுறை" செலவுகளை எல்லாம் எடுத்துச் செயல்பாட்டுச் செலவோடு சேர்த்துவிடுவேன். ஆண்டுதோறும் வருவது ஒருமுறைச் செலவு ஆகாது. 2024இல் வெளியான ஐஎஃப்ஆர்எஸ் 18 என்ற பன்னாட்டுத் தரநிலை 2027 ஜனவரியில் இருந்து அமலுக்கு வருகிறது. செயல்பாட்டு லாபம் என்ற வரிக்கு முதன்முறையாக வரையறை தருகிறது. நிர்வாகம் தானே உருவாக்கிப் பொதுவில் பேசும் லாப அளவுகளை, தரநிலைப்படியான எண்ணோடு இணைத்துக் குறிப்புகளில் விளக்கச் சொல்கிறது. அந்தக் குறிப்பு வரும்போது தேடிப் படியுங்கள்.

விற்பனைப் பக்கத்தில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நான் நேரடியாகப் பார்த்தது குறைவு. ஆண்டு முடிவில் விநியோகஸ்தரிடம் தேவைக்கு மேல் சரக்கைத் தள்ளினால் நிலையான செலவு அதிக விற்பனையில் பரவி மார்ஜின் ஏறும். வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக வளர்வது அதன் அடையாளம். விகிதத்தின் கீழ் எண்ணை, அதாவது விற்பனையை, மாற்றிக் காட்டுவதும் உண்டு. இடைத்தரகராக இருக்கும் நிறுவனம் முழு விலையையும் விற்பனையாகக் காட்டினால் விற்பனை பெரிது, மார்ஜின் சிறிது. தன் கமிஷனை மட்டும் காட்டினால் நேர்மாறு. தள்ளுபடிக் கூப்பன் விற்ற அமெரிக்க நிறுவனம் குரூப்பான் 2011இல் முறையை மாற்றியபோது அதன் 2010 வருவாய் 71.3 கோடி டாலரில் இருந்து 31.3 கோடியாக இறங்கியது. கையில் வந்த பணம் அதேதான். இரண்டு நிறுவனங்களின் மார்ஜினை ஒப்பிடுமுன் கீழ் எண் ஒரே வகையா என்று பாருங்கள்.

அப்புறம் வெறும் பொய் என்று ஒன்று இருக்கிறது. சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தில், முந்தைய செப்டம்பர் காலாண்டுக்கு அறிவித்த செயல்பாட்டு மார்ஜின் 24 சதவீதம், உண்மையில் 3 சதவீதம் என்று ஒப்புக்கொண்டார். 649 கோடி ரூபாய் என்று காட்டியது உண்மையில் 61 கோடி. இல்லாத லாபத்துக்கு ஈடாக இல்லாத வங்கி இருப்பைக் காட்ட வேண்டியிருந்தது, அது 5,040 கோடியாக வளர்ந்திருந்தது. புலிமேல் சவாரி செய்வதுபோல் இருந்தது, அது தின்றுவிடாமல் இறங்கும் வழி தெரியவில்லை என்று அதில் எழுதியிருந்தார். சின்ன இடைவெளியில் தொடங்கி ஆண்டுதோறும் பெருத்தது என்பதுதான் அவர் சொன்ன கதை. எங்கள் கிடங்குக் கதையும் அதே வழியில்தான் நடந்தது.

எந்தத் தந்திரமாக இருந்தாலும் லாபத்தில் இருந்து மறைத்த செலவு, சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் எங்காவது உட்கார்ந்தே ஆக வேண்டும். சரக்கு, வரவேண்டிய பாக்கி, இன்னும் முடியாத மூலதன வேலை, மென்பொருள் போன்ற புலனாகாச் சொத்து, "இதர நடப்புச் சொத்துகள்" இவற்றில் ஒன்று பெருக்கும். இல்லையென்றால் ஒதுக்கீடு சுருங்கும். அதனால் மார்ஜின் உயர்ந்த ஆண்டில் நான் லாப நட்டக் கணக்கை மூடிவைத்துவிட்டு இருப்புநிலைக் குறிப்பில் விற்பனையைவிட வேகமாக வளர்ந்த வரிகளை மட்டும் வட்டமிடுவேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கேட்பேன். காரணம் நிர்வாகத்தின் உரையில் இருந்தால் சரி. இல்லாவிட்டால் காத்திருப்பேன். உயர் அதிகாரிகளின் ஊக்கத்தொகை எந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது என்றும் பார்ப்பேன். எபிட்டா மார்ஜினோடு என்றால் மூலதனமாக்கியதையும், மொத்த லாபத்தோடு என்றால் கிடங்கையும் முதலில் பார்ப்பேன். நிதித் தலைவரோ தணிக்கையாளரோ பதவிக்காலம் முடியுமுன் "சொந்தக் காரணங்களுக்காக" விலகினால் அந்த ஆண்டறிக்கையை இரண்டுமுறை படிப்பேன்.

இதில் எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே மார்ஜின் உயர்த்திய நிறுவனங்கள் உண்டு. அவர்களிடம் சரக்கு விற்க ஆகும் நாட்கள் அதிகரிக்காது, பாக்கி வசூலாக ஆகும் நாட்களும் அதிகரிக்காது, பணம் வந்துசேரும். விற்ற விலை உயர்ந்ததா, பொருள் கலவை மாறியதா, வீணானது குறைந்ததா என்று கேட்டால் நேராகப் பதில் வரும்.

என் நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாய்மொழி உத்தரவுக்குப் பதிவு போடாதீர்கள். நான் இதை மிகத் தாமதமாகத்தான் கற்றேன். பத்தாவது காலாண்டில் ஒரு பழுதுபார்ப்புச் செலவை மூலதனமாக்கச் சொன்னார்கள். வழக்கத்தைவிடப் பெரிய தொகை. அன்று நான் மறுத்துப் பேசவில்லை. ஒரு மின்னஞ்சல் மட்டும் எழுதினேன்: செலவு விவரம் இது, இதனால் இயந்திரத்தின் ஆயுளோ திறனோ கூடவில்லை என்று பராமரிப்புப் பிரிவு எழுதியிருக்கிறது, ஆகவே இதைச் செலவாகவே வைத்திருக்கிறேன், மாற்ற வேண்டும் என்றால் எந்த அடிப்படையில் என்று இதே மின்னஞ்சலில் பதில் தாருங்கள். பராமரிப்புப் பொறியாளரின் குறிப்பையும் இணைத்தேன்.

பதில் எழுத்தில் வரவில்லை. தொலைபேசியில் வந்தது, அதுவும் "பார்த்துக்கலாம்" என்ற ஒரே சொல். மறுநாள் காலை கணினியில் பார்த்தபோது அந்தத் தொகை சொத்துக் கணக்குக்குப் போயிருந்தது. பதிவு செய்தவர் பெயர் வேறு. பதிவு எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். உள் தணிக்கைத் தலைவரிடம் நேரம் கேட்டு, அந்த மின்னஞ்சலை அவர் மேசையில் வைத்து, கிடங்கில் இருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நான் போட்ட இரண்டு பதிவுகளையும் மறைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ராஜினாமா கொடுத்தேன். கிளம்பும் நாளில் கிடங்கு அண்ணன் வாசல்வரை வந்தார். அவர் முன்பு கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் சொன்னேன்.